பரவாயில்லைக்கு மூன்று

எத்திராஜ் பெங்களூர் ஜீவனஹள்ளியில் என் எதிர்வீட்டுக்காரர். வயது நாற்பத்தாறு. பதினோரு வருஷம் ஒரு பங்களா வாசலில் செக்யூரிட்டியாக நின்றார். முட்டி வலி வந்ததும் நிற்கிற வேலையை விட்டுவிட்டு நடக்கிற வேலையில் சேர்ந்தார். அவ்வளவு விவரமான மனிதர். ஒரு சர்வே கம்பெனி அவர் கழுத்தில் அட்டையை மாட்டி, கையில் ஒரு போனைக் கொடுத்து, வீடு வீடாகக் கேள்வி கேட்க அனுப்பியது.

முதலில் ஒரு நாள் பயிற்சி. மேனேஜர் சுதீர் சொன்ன ஒவ்வொன்றையும் எத்திராஜ் மனதில் ஏற்றிக்கொண்டார். மற்ற பத்துப் பேர் சமோசாவை எடுத்துக்கொண்டார்கள். எல்லா வீட்டையும் கேட்க வேண்டாம், ஐந்துக்கு ஒன்று போதும். ஆனால் எந்த வீட்டில் ஆரம்பிப்பது என்பதைச் சீட்டுதான் சொல்லும், நீ சொல்லக் கூடாது. அப்புறம், எண்கள் எல்லாம் ஒரே ரகமில்லை. பஸ் நம்பர் வெறும் பெயர். முந்நூறாம் நம்பர் பஸ் நூற்றைம்பதாம் நம்பரைவிட இரண்டு மடங்கு தூரம் போகாது. ‘மிக மோசம் ஒன்று, மிக நல்லது ஐந்து’ என்பது வரிசை மட்டுமே. ஐந்து போட்டவருக்கு ஒன்று போட்டவரைவிட ஐந்து மடங்கு சந்தோஷம் என்று அர்த்தமில்லை.

இவ்வளவு அழகாகப் பாடம் நடத்திய சுதீர்தான், கன்னடத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு, உருதுக்கு மூன்று என்று போட்டதைக் கூட்டி வகுத்து, எங்கள் பகுதியின் சராசரி தாய்மொழி 1.9 என்று பிற்பாடு ரிப்போர்ட் எழுதினார். முழுத் தமிழாக எங்களுக்கு இன்னும் புள்ளி ஒன்று குறைகிறதாம்.

சர்வே எங்கள் சந்துக்கு வந்தது தண்ணீருக்காக. அறுபது வீடுகள், வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம் தண்ணீர். எந்தத் தெருவில் திருப்தி அறுபது சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதோ அங்கே புதுக் குழாய் என்று ஏற்பாடு. எத்திராஜுக்குச் சீட்டில் நான்கு விழுந்தது. நான்காவது வீடு, ஒன்பதாவது, பதினான்காவது என்று மொத்தம் பன்னிரண்டு. பூட்டிய வீட்டுக்கு மூன்று தடவை போனார். மற்றவர்கள் டீக்கடையில் உட்கார்ந்தே ஒரு தெரு முழுவதையும் முடித்துவிட்டு வந்தார்கள். இருபத்துநான்காவது வீடு அவருடையது. என்னுடையது இருபத்தைந்து. என்னைக் கேட்டிருந்தால் அந்தப் போன் சூடாகியிருக்கும். கேட்கவில்லை.

சுதீருக்குப் போன் போட்டார். “சார், இது என் வீடு சார். விட்டுட்டுப் பக்கத்து வூட்டக் கேக்கட்டுமா?”

“ரேண்டம்னா ரேண்டம்தான், எத்திராஜ். சேஞ்ச் எல்லாம் மாட்பேடி.” மாற்றக் கூடாது என்று கன்னடத்தில் முடித்துவிட்டார்.

அப்போதுதான் உஷா தெருமுனைக் குழாயிலிருந்து எட்டாவது குடத்தை இறக்கிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். புருஷன் கழுத்தில் அட்டையோடு எதிரே நின்றார்.

“தண்ணி சப்ளை பத்தி நீங்க இன்னா நினைக்கிறீங்க?”

“இன்னாய்யா, புதுசா நீங்க வாங்கன்றே?”

“ரூல் அப்டி. பதில் சொல்லுங்க.”

உஷா நனைந்த முந்தானையைப் பிழிந்தார். “பரவாயில்ல.”

எங்கள் ஆட்கள் இந்த வார்த்தையை எதற்கெல்லாம் சொல்வோம் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் காலை மிதித்தவனிடம் சொல்வோம். சம்பளம் தள்ளிப்போனால் சொல்வோம். கேட்டும் பிரயோசனமில்லாத இடத்தில் எல்லாம் சொல்வோம். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்களும் இதே வார்த்தையை, ‘பரவாகில்ல’ என்று, இதே பெருமூச்சோடுதான் சொல்வார்கள். ஆனால் போனில் அது மோசத்துக்கும் நல்லதுக்கும் நடுவே, மூன்று என்ற நம்பரோடு இருந்தது. சொன்ன வார்த்தையை மாற்றக் கூடாது என்பது பயிற்சி. எத்திராஜின் விரல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றதை நான் பார்த்தேன். பிறகு மூன்றை அமுக்கினார்.

பன்னிரண்டு வீட்டில் நான்கு பேர் மோசம் என்றார்கள். வீட்டுக்கடியில் தொட்டி கட்டியிருக்கும் ஒருவர் மட்டும் நல்லது என்றார். மீதி ஏழும் பரவாயில்லை. ஆபீசில் மூன்றுக்கு மேல் எல்லாவற்றையும், மூன்றையும் சேர்த்து, ‘திருப்தி’ என்று ஒரே மூட்டையாகக் கட்டினார்கள். பன்னிரண்டுக்கு எட்டு, 66.7 சதவீதம். அந்தப் புள்ளி ஏழு யாருடையதோ. ஏழு பேராக இருந்திருந்தால் 58.3, குழாய் வந்திருக்கும். ஒரே ஒரு பரவாயில்லை கூடிவிட்டது.

குழாய் காக்ஸ் டவுன் பக்கத்து அபார்ட்மென்ட் தெருவுக்குப் போனது. அங்கே எல்லாரும் ‘மிக மோசம்’ போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழாவது மாடி ஷவரில் தண்ணீர் மெல்லமாக விழுகிறதாம். பாவம், எப்படித்தான் பொறுத்துக்கொண்டார்களோ.

சனிக்கிழமை தெருமுனைக் குழாயில் உஷாவுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். எத்திராஜ் வந்து, மனைவியிடம் எல்லாக் கணக்கையும் ஒழுங்காகச் சொன்னார். அறுபது, பன்னிரண்டு, எட்டு, ஏழு. கடைசியில் குரல் இறங்கிவிட்டது.

“நீ எந்த அர்த்தத்துல சொன்னேன்னு எனக்குத் தெரியும், உஷா. தெரிஞ்சேதான் மூணு போட்டேன். மன்னிச்சுடு.”

உஷா நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். புருஷன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

“பரவாயில்ல” என்றார்.

இதற்கு எத்தனை போடுவது என்று எத்திராஜுக்குத் தெரியவில்லை.