இணைச்சீருக்கு ஒரு தங்கை

2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை. எழுந்ததும் நாள்காட்டித் தாளைக் கிழித்தேன். என்றும் அதுதான் என் முதல் வேலை. பிறகு வாசல் கூட்டி, பால் காய்ச்சி, தக்காளிச் சட்னி அரைத்துவிட்டு, மருமகளை அழைத்துக்கொண்டு துடியலூர் ஸ்கேன் சென்டருக்குப் போனேன். அவளுக்கு ஐந்தாம் மாதம். மகன் வேலை விஷயமாகப் புனே போயிருந்ததால் துணைக்கு நான்.

திரையில் குழந்தையின் முதுகெலும்பு கோத்த மணிபோலத் தெரிந்தது. இதயம், கை, கால் எல்லாம் சரியாக இருப்பதாக டாக்டரம்மா சொன்னார். மருமகள் வயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"பொண்ணுங்களா டாக்டர்?"

"ஏனுங்கம்மா, வெளிய அத்தாப் பெரிய போர்டு வெச்சிருக்கறமே, பாக்கலீங்களா?"

"பாத்தனுங்க. அது பொண்ணு வேண்டாங்கறவங்களுக்குத்தானுங்களே? நான் வேணும்னு கேக்கறனுங்க."

"எதுக்குக் கேட்டாலும் சொல்லக் கூடாதுங்க. சொன்ன நானும் உள்ள போகோணும், கேட்ட நீங்களும் உள்ள போகோணும். ரெண்டு பேருக்கும் ஒரே ரூம் குடுப்பாங்களான்னு தெரியலீங்க."

நான் சிரித்துவிட்டேன். மருமகள் சிரிக்கவில்லை. ஆட்டோவில் வரும் வழியெல்லாம் என் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து பையை இறக்கித் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"காங்கேயத்துக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போறனுங்க அத்தை. கொழந்தை பொறந்தப்பறம் வாரேன்."

"என்ன கண்ணு இது, வளைகாப்புகூட ஆகலையே?"

"பொண்ணான்னு கேட்டீங்கல்ல? ஆமான்னு சொல்லியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியுமுங்க?"

அவள் கேட்டது நியாயம். பெண் வேண்டும் என்று நான் சொன்னதை அவள் நம்ப வேண்டிய அவசியம் என்ன? கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

மகனுக்கு மூன்று வயதில் எனக்கு இரண்டாவது உண்டானது. மாமியார் ஸ்கேனுக்கு அழைத்துப் போனார். பார்த்தவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, மாமியாரிடம் சொன்னார். இருக்கிற தோட்டத்துக்கு ஒரு பையன் போதும் என்று வீட்டில் பேசி முடித்தார்கள். அடுத்த வாரம் கலைத்துவிட்டார்கள். கூடாது என்று அப்போதே சட்டம் இருந்ததாம். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தால் அதைச் சொல்லியாவது அழுதிருப்பேன்.

காந்திபுரம் ஜவுளிக்கடைக்குப் போனால் என் கால்கள் பெண்பிள்ளைகளின் துணி இருக்கும் இடத்தில்தான் நிற்கும். வருஷத்துக்கு வருஷம் அடுத்த அளவைப் பார்ப்பேன். பட்டுப்பாவாடையிலிருந்து தாவணிக்கு வந்து, இப்போது சேலைக்கு வந்திருக்கிறேன். ஒன்றும் வாங்கியதில்லை.

போன வருஷம் மகன் கல்யாணத்தில் இணைச்சீர் செய்ய, மாப்பிள்ளையோடு நிற்க ஒரு சகோதரி வேண்டியிருந்தது. பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு, என் அண்ணன் வீடு என்று எல்லா இடத்திலும் ஒற்றைப் பையன்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தெரியாதவர்களும் இல்லை. பொள்ளாச்சியிலிருந்து தூரத்து உறவில் ஒரு பெண்ணை வரவழைத்தோம். மண்டபத்துக்கு வந்தபிறகுதான் என் மகனின் பெயரையே கேட்டுத் தெரிந்துகொண்டது. முறையெல்லாம் சரியாகச் செய்தது. நான் அதன் பக்கத்தில் இன்னொருத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவ இருந்திருந்தா உன்னைவிட ஒரு வயசு சின்னவ, அம்மணி. உன்னை அண்ணின்னு கூப்புட்டிருப்பா."

மருமகள் கையிலிருந்த சேலையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பையனாப் பொறந்துட்டா என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

"என்ன பண்றது, வளத்துப்போட வேண்டியதுதான்."

இப்போது அவள் சிரித்தாள். "இங்கயே இருக்கறனுங்க. ஆனா அடுத்த ஸ்கேனுக்கு நீங்க உள்ள வரக் கூடாது."

"சரி கண்ணு. அந்த போர்டுக்கு அடியிலயே உக்காந்துக்கறேன்."

துணிகளை அவளே எடுத்துப் பீரோவில் வைத்தாள். பெண்தானா என்ற கேள்வி மட்டும் போகாமல் என்னுடனேயே படுத்துக்கொண்டது.

மறுநாள் காலை, நாள்காட்டியைத் தொடும் முன், ஸ்டூலைப் போட்டு ஏறி, காலிப் பையைப் பரணில் வைத்தேன்.