சுவரில் ஒட்டிய பொட்டு

தலைசுற்றலுக்காக இராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சுவரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டைக் காட்டி, "ஆச்சி, அதையே பாத்துக்கிட்டு நடங்க. கண்ணு அலைஞ்சா காலும் அலையும்" என்றாள் அந்தச் சின்ன வயசு டாக்டர்.

என் அக்காவும் இதைத்தான் சொல்வாள். சின்ன வயதில் ஸ்ரீவில்லிபுத்தூரில், வயலில் வேலை செய்யும் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோகக் குறுக்குவழி, கிணற்றுச் சுவர்மேல் நடப்பதுதான். "கீழ பாக்காதட்டி. கோபுரத்தையே பாத்து வா" என்பாள்.

அன்று தலையில் கலயத்தோடு முன்னால் போனாள். "அக்கா, அங்க மயிலு பாரு!" என்று கத்தினேன். திரும்பினாள். கலயத்தோடு கிணற்றுக்குள் விழுந்தவள் பிழைக்கவில்லை.

கால் வழுக்கிவிட்டது என்றுதான் அம்மாவிடம் சொன்னேன்.

பொட்டைப் பார்த்தபடியே நடந்தேன்.

"ஏன் ஆச்சி அழுவுறீங்க?"

"வெளிச்சம் கூசுது, தாயி" என்றேன்.