இருபதாவது பை

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தேழு வருடமாக ஊரில் உள்ளவர்களை எல்லாம் ஏற்றி இறக்கியவர், ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில், வெறும் நான்கு படி, கால் தவறி விழுந்து எலும்பை உடைத்துக்கொண்டார். மூன்று மாதம் கட்டு. அந்த மாதிரி நேரத்தில் மற்ற மனிதர்கள் படம் பார்ப்பார்கள், தூங்குவார்கள், பெண்டாட்டியோடு சண்டை போடுவார்கள். இவர் என் தையல் மிஷினைக் கழற்றினார்.

என் மிஷின் என்பது பேச்சுக்குத்தான். கல்யாணத்துக்கு வந்த பரிசு, கையால் சுற்றுகிற ரகம். இத்தனை வருடமும் துவைத்த துணியை அதன்மேல் மலையாகக் குவித்து வைத்திருந்தேன். இவர் கழற்றி, எண்ணெய் விட்டு, திரும்ப மாட்டி, ஓடுகிறதா என்று பார்க்க ஒரு தலையணை உறை தைத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கைபேசியில் ஒரு தையல் குழுவைத் தேடிப்பிடித்துச் சேர்ந்துவிட்டார்.

அந்தக் குழுவில் மாதத்துக்கு ஒரு சேலஞ்ச். ஒரு மாதம் குவில்ட். துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, அடியில் ஒரு துணி, நடுவில் பஞ்சு வைத்து, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கிற போர்வை அது. மறுமாதம் துணி ஹேண்ட்பேக். நூற்றுப் பன்னிரண்டு பெண்கள், நடுவில் இவர் ஒருவர். குழுவை நடத்தும் அம்மாவுக்கு நான் வைத்த பெயர் அங்குலம். யார் என்ன படம் போட்டாலும் "டேப் வெச்சு இன்னொரு படம் போடுங்க" என்பார். இவருக்கு டேப் எல்லாம் எந்த மூலைக்கு? கம்பியின் தடிமனை அளக்கிற வெர்னியரை வைத்துப் படம் போடுவார். அங்குலம் அம்மாவே அதற்கு ஒரு கும்பிடு போடுவார்.

எங்கள் சாப்பாட்டு மேசை அன்றைக்குப் போனதுதான். இன்றுவரை தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். சோற்றில் முடி கிடந்தால் கோபப்படுகிற வீடுகள் உண்டு. எங்கள் வீட்டில் நூல் கிடக்கும், அதுவும் என்ன நிறம் என்று பார்த்து எடுத்து வைத்துக்கொள்வார். மிக்ஸிக்கு உறை, டிவிக்கு உறை, எரிவாயு சிலிண்டருக்குக்கூடப் பஞ்சு வைத்த உறை. வீட்டில் அசையாமல் இருக்கிற எல்லாவற்றுக்கும் உறை வந்துவிட்டதால் நான் அசைந்துகொண்டே இருந்தேன்.

தையலில் குறை சொல்ல முடியாது. கோடு போட்டால் கோடு, அவ்வளவு நேர். நிறத்தில்தான் மனிதருக்குக் கை கொஞ்சமும் வராது. பச்சையும் ஊதாவும் ஆரஞ்சும் ஒரே பையில் அடித்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு பையும் முடிந்ததும் என் முன்னால் வைத்து, "எப்படி இருக்கு?" என்பார்.

"இருக்கு" என்பேன்.

அதற்குமேல் கேட்கமாட்டார். எடுத்துக்கொண்டு போய்ப் பீரோவின்மேல் வைத்துவிடுவார். இப்படிப் பத்தொன்பது பைகள். ஒன்றையும் நான் வெளியே கொண்டுபோனதில்லை. நான் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் குமாஸ்தா. அங்கே எனக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது, அதை ஆரஞ்சுப் பையில் போட்டுக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா என்பது என் கட்சி. குழுவிலும் இவர் பெயர் முதல் மூன்றில் வந்ததே இல்லை. கால் சரியாகி வேலைக்குப் போன பிறகும் தைப்பதை விடவில்லை.

போன மாதம் அங்குலம் அம்மா ஒரு புதுச் சேலஞ்ச் போட்டார். பையைத் தைத்து வீட்டில் ஒருவரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதை ஏழு வேலை நாள் சுமந்துவிட்டு, பையைப் பற்றித் தன் கைப்பட நாலு வரி எழுத வேண்டும். இடையில் ஒரு தையல் பிரியக் கூடாது, திரும்பத் தைக்கவும் கூடாது. அந்த நாலு வரியை வைத்துத்தான் முடிவு.

இவருக்கு வீட்டில் நான் ஒருத்திதான். மகள் வெளியூரில். இரண்டு நாள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, மூன்றாம் நாள் பாத்திரம் துடைக்கிற சாக்கில் பக்கத்தில் நின்றார்.

"இந்த ஒரு தடவை மட்டும் எடுத்துட்டுப் போறியா? பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னே எழுது. எழுதினாப் போதும்."

முப்பது வருடத்தில் இந்த மனிதர் என்னிடம் வாய்விட்டு ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. "கறுப்புத் துணியில தைங்க, பார்க்கலாம்" என்று சொல்லிவைத்தேன்.

அந்த வாரம் இரண்டு பொருட்கள் காணாமல் போயின. கடையில் வாங்கிய என் பழைய பையை மூன்று நாள் காணோம். நாலாம் நாள் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்திருந்தது. அடுத்தது இவருடைய முக்கோணச் சாவி. லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் வெளிக்கதவைத் திறப்பது அதை வைத்துத்தான். எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். வீட்டைத் தலைகீழாகப் புரட்டியும் கிடைக்கவில்லை. கம்பெனியில் திட்டிவிட்டு முனை தேய்ந்த பழைய சாவி ஒன்றைக் கொடுத்தார்கள்.

பை வந்தது. கறுப்பு, உள்ளே சாம்பல் நிற லைனிங். சத்தியமாகப் பார்க்கும்படி இருந்தது. ஆனால் தோள்பட்டை வார் ஒரு பக்கமாக வளைந்திருந்தது.

"வார் கோணலா இருக்கே" என்றேன். இவர் கையால் ஒரு கோணல் வந்து நான் பார்த்ததில்லை.

"அப்படித்தான்."

"அடியில ஏதோ கட்டியா இருக்கு."

"அடி நிக்கிறதுக்கு அட்டை வெச்சிருக்கேன். லைனிங் வெச்ச பைன்னா சும்மாவா? உள்பக்கம் வெளிய இருக்கற மாதிரி தைக்கணும், லைனிங்ல நாலு விரல் இடம் விடணும், அது வழியா மொத்தப் பையையும் இழுத்துத் திருப்பணும், அப்புறம் அந்த இடத்தைக் கையால தைச்சு மூடணும். குனிஞ்சு குனிஞ்சு இடுப்பே போச்சு."

இதைப் படிக்கிற உங்களுக்குச் சாவி எங்கே என்று இந்நேரம் புரிந்திருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை.

ஐந்து நாள் சுமந்தேன். கீழே வைத்தால் சாயாமல் நின்றது. சாப்பாட்டு டப்பா கவிழவில்லை. பக்கத்து மேசைக்காரி எங்கே வாங்கியது என்று இரண்டு தடவை கேட்டாள்; சொல்ல மனம் வராமல் "தெரிஞ்சவங்க கொடுத்தாங்க" என்றேன். எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது.

ஆறாம் நாள் மதியம் எங்கள் கட்டடத்து லிஃப்ட் மூன்றாம் மாடியில், தரைக்கு அரை அடி கீழே நின்றுவிட்டது. உள்ளே எங்கள் மேனேஜரும் தண்ணீர் கேன் போடுகிறவரும். மேனேஜர் கத்துகிற கத்தல் படிக்கட்டு வரை கேட்டது. பக்கத்துத் தெருவில் வேலையாக இருந்த என் வீட்டுக்காரர்தான் வந்தார். பழைய சாவியைப் போட்டுத் திருப்பினார். வழுக்கியது. மறுபடி போட்டார். மறுபடி வழுக்கியது. வியர்வை வழிகிறது, உள்ளே மேனேஜர் இவர் பரம்பரையையே விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

நான் வேடிக்கை பார்க்கக் குனிந்தேன். தோளில் இருந்த பை இரும்புக் கதவில் இடித்து 'டங்' என்றது.

இவர் திரும்பினார். அட்டைக்கு அப்படிச் சத்தம் வராது. பையின் அடியை அழுத்திப் பார்த்தார். முகம் செத்துப்போனது.

"சாவி" என்றார்.

"மேசையில கத்திரிக்கோல் இருக்கு, எடுத்துட்டு வரேன்."

"கத்திரிக்கோல் வேணாம். துணி போயிடும். ஊசி இருந்தா குடு."

"இன்னும் ஒரு நாள்தாங்க இருக்கு. வேற யாரையாவது வரச் சொல்லலாமே?"

"உள்ள ஆள் இருக்காங்கம்மா" என்றார். அவ்வளவுதான். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

படியில் உட்கார்ந்து, லைனிங்கைத் தான் மூடிய அதே இடத்தில் ஊசிமுனையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். நான் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். "என்னய்யா பண்றே?" என்று உள்ளேயிருந்து மேனேஜர் கேட்டார். "தையல் பிரிக்கிறேன் சார்" என்று இவர் உண்மையைச் சொன்னார். மேனேஜர் அபாய மணியை விடாமல் அழுத்த ஆரம்பித்தார். பைத்தியக்காரனிடம் மாட்டிக்கொண்டோம் என்று நினைத்திருக்க வேண்டும். நான்கு நிமிடத்தில் சாவி வந்தது, கதவு திறந்தது, மேனேஜர் யாரையும் பார்க்காமல் வெளியே போனார். தண்ணீர்க்காரர் மட்டும் நன்றி சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் பையை எடுத்துப் பீரோவின்மேல், அந்தப் பத்தொன்பதோடு வைத்தார். "நாளைக்குப் பழைய பையையே எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். நீர் வெகுநேரம் ஓடியது.

மறுநாள் அதை இறக்கி, பழைய பையின் வாரோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அதையே எடுத்துக்கொண்டு போனேன். லைனிங் ஓட்டையில் பேனா விழுந்தது, சில்லறை விழுந்தது, விழட்டும் என்று விட்டேன். பக்கத்து மேசைக்காரியிடம் "என் வீட்டுக்காரர் தைச்சது" என்று சொன்னேன். ஏழு நாள் முடிந்த மாலை, தாளில் எழுதிப் படம் எடுத்து, இவர் கைபேசியிலிருந்து நானே குழுவில் போட்டேன்.

"இந்தப் பை ஆறாம் நாள் பிரிக்கப்பட்டது. போட்டியில் சேராது என்று தெரியும். தையல் கெட்டுப் பிரியவில்லை. தைத்தவர் தன் சாவியை உள்ளே வைத்துத் தைத்துவிட்டார். எனக்கு வலது தோளில் ஓர் இடம் வலிக்கும். பல வருடமாக வலி. நான் யாரிடமும் சொன்னதில்லை. என் பழைய பையின் வார் எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தைத் தொடாதபடி இந்த வாரை வளைத்துத் தைத்திருக்கிறார். அதை நான் கோணல் என்று சொன்னேன். இந்தப் பையை இனி நான் கீழே வைக்கப் போவதில்லை."

டேப் கேட்டு யாரும் எழுதவில்லை. அங்குலம் அம்மா, "போட்டியில் சேர்க்க இயலாது. வார் வெட்டிய அளவைத் தயவுசெய்து அனுப்பவும்" என்று மட்டும் போட்டிருந்தார்.

இவர் மேசையில் உட்கார்ந்து படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். நான் அடுப்படியில் நிற்கிற மாதிரி நின்றேன். பொறுக்க முடியவில்லை.

"எப்படி இருக்கு?" என்றேன்.

நிமிராமல், ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"இருக்கு" என்றார்.