சிடோனி அத்தையின் ஏக்கப் பார்வை

கெண்ட் நகரத்து அருங்காட்சியகத்தில் எங்கள் அத்தை சிடோனி வெள்ளை அங்கியில், சன்னலுக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். படத்தின் பெயர் ‘வராதவனுக்காக’. கைகள் இருக்க வேண்டிய இடத்தில் மூடுபனி. அதில் ஒரு லில்லிப்பூ மிதக்கிறது. அந்த ஊரில் படித்து எங்கள் குடும்பத்தின் முதல் பட்டத்தை வாங்கியவன் நான். மூடுபனியைப் பற்றிப் பேராசிரியர்கள் எழுதியதையெல்லாம் படித்துவிட்டேன். ஒருவருக்கும் புறா தோன்றவில்லை.

அத்தை வாரம் முழுக்க லெய் ஆற்றில் ஆளிச்செடியை ஊறப்போட்டு நார் எடுப்பவள். ஞாயிறானால் புறாப் பந்தயம்: தெற்கே பிரான்சில் திறந்துவிடும் புறாக்களில் எது முதலில் கூடு திரும்புகிறது என்று. வளர்ப்பது அவள்; பெயர் என் அப்பாவுடையது. புறா மன்றத்தில் பெண்களுக்கு இடமில்லை. படம் வரைந்த கோடையில் அவள் சண்டைக்குப் போக, இந்த ஒரு தடவை உன் பெயரில் விடு, முதலாவதாக வந்தால் மன்றத்துப் பலகையில் உன் பெயர், இல்லையென்றால் இனி வாயைத் திறக்காதே என்று மன்றத்து ஆண்கள் சிரித்தார்கள்.

அந்தப் பந்தய ஞாயிறுதான் பிரஸ்ஸல்ஸ் ஓவியர் தெ லாகர் படத்துக்காக அவளைக் கடைசியாக உட்காரச் சொன்ன நாள். எங்கள் ஊரில் அவர் தங்கியிருந்த மாடியிலிருந்து எங்கள் கூண்டு தெரியும் என்பதால் அத்தை போனாள், ஓடத் தோதாக வெறுங்காலோடு.

“அந்தப் பார்வைய விட்டுடாத பொண்ணே. உன் ஆத்மா இப்ப எங்க இருக்கு?”

“ஓர்லெயான் தாண்டியிருக்கும் ஐயா. காத்து தெக்கேருந்துதான் அடிக்குது.”

புறா வந்தது. அத்தை படிகளில் பாய்ந்தாள். புறாவைக் கையில் பிடித்து மன்றத்து மதுக்கடைக்கு ஓடிக் காட்டினால்தான் கணக்கு. அதுவோ கூரை முகட்டை விட்டு இறங்கவில்லை. வெள்ளை அங்கிக்காரி யாரென்று அதற்குத் தெரியவில்லை. பட்டாணி டப்பாவைக் குலுக்கியும் பயனில்லை. பக்கத்து வீட்டு ரோமானி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“ஏண்டி, தேவதை மாதிரி வந்து நின்னா, தான் செத்து சொர்க்கத்துக்கு வந்துட்டோம்னுல்ல அது நெனைக்கும்?”

அத்தை கொடியில் காய்ந்த கறைபிடித்த வேலை அங்கியை உருவி மேலே மாட்டினாள். புறா நேராகத் தோளில் வந்து இறங்கியது. அதை அணைத்துக்கொண்டு ஓடியவள் ஓவியரிடம் திரும்பவே இல்லை. அன்று வரைய மிச்சமிருந்த கைகள் அப்படித்தான் மூடுபனியாயின. மதுக்கடைப் பலகையில் அவள் பெயர் இன்றும் இருக்கிறது.

போன மாதம் அத்தையை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். படத்தின் முன்னால் நின்ற ஒரு பெரிய மனிதர், பாவம், யாருக்காகவோ காலமெல்லாம் காத்திருக்கிறாள் என்று தன் மனைவியிடம் உருகிக்கொண்டிருந்தார்.

அத்தை அவர் தோளைத் தட்டினாள். “வந்துட்டான் ஐயா. எல்லாருக்கும் முன்னாடி வந்துட்டான்.”