சத்தம் நின்றால் வண்டி நிற்க வேண்டும்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் விமானத்தைப் பற்றி எழுதினால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் எனக்கு வேலை. ஒன்பதாவது வரை என் பெஞ்சில் இருந்த கூட்டாளி, பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். விமானத்துக்குள் ஓடும் சாஃப்ட்வேர் என்னென்ன செய்ய வேண்டும் என்று, அதை உருவாக்கும் முன்பே வரி வரியாக எழுதித் தர வேண்டும். ஒரு வரிக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்வான். அதற்குள் நான் அரை லாரியைக் கட்டிவிடுவேன் என்று சீண்டுவேன்.

ஒரு நாள் அவன் தெருவில் கரண்ட் இல்லை. எங்கள் பட்டறையில் ஜெனரேட்டர் இருப்பதால் லேப்டாப்போடு வந்துவிட்டான். முகம் செத்துக் கிடந்தது. விமானத்தின் சரக்குக் கதவைப் பற்றி அவன் எழுதிய வரியை மேலே இருப்பவர்கள் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மூன்று மணிக்கு மறுபடியும் கூட்டம். இப்போதும் தேறாவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"வாசிடா, கேப்போம்."

"கதவு தொறந்திருக்குதுன்னு சென்சார் சொன்னா, பைலட்டுக்கு முன்னால செவப்பு லைட்டு எரியோணும்."

"நல்லாத்தான இருக்குது? அப்பிடியே பின்னாடி 'ஹாரன் அடி'ன்னும் எழுதிரு."

"போடா. என்னமோ ஒண்ணு உட்டுப்போச்சாமா. அதை நீயே கண்டுபுடிங்கறாங்க."

அந்த நேரம் ஒரு லாரி ரிவர்ஸில் பட்டறைக்குள் வந்தது. ஒரு கையில் டீயோடு பின்னால் நின்று, "வரட்டும்... வரட்டும்..." என்று குரல் கொடுத்தேன். கூட்டாளியின் செத்த மூஞ்சியைத் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு வந்து டீ புரையேறிவிட்டது. இருமலில் குரலே எழவில்லை. லாரி சட்டென்று நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"ஏஞ்சாமி, இருக்கறயா, போய்ச் சேந்துட்டயா?"

கூட்டாளி எழுந்து வந்தான். "நீ நிறுத்தச் சொல்லவே இல்லியேடா. அவரு எப்பிடி நின்னாரு?"

"வரட்டும்னும் சொல்லலியே! சத்தம் நின்னா வண்டி நிக்கோணும். பின்னாடி ஆளு உழுந்துட்டானோ என்னமோ, யாரு கண்டா? இதுகூடத் தெரியாம நீயெல்லாம் ஏரோப்ளேனுக்கு எழுதறே."

வழக்கமாகத் திருப்பித் திட்டுவான். இப்போது ஓடிப்போய் லேப்டாப்பைத் திறந்தான். வயர் அறுந்து சென்சார் ஒன்றுமே சொல்லாவிட்டால்? லைட் எரியாது. கதவு மூடித்தான் இருக்கிறது என்று பைலட் நம்பிவிடுவார். 'சென்சாரிடமிருந்து தகவல் வராமல் நின்றாலும் லைட் எரிய வேண்டும்' என்று சேர்த்தான். கரண்ட் வந்ததும் என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வீட்டுக்குப் பறந்தான்.

மூன்று மணி ஆயிற்று. நான்கு, ஐந்தும் ஆயிற்று. அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. எனக்கு வேலையே ஓடவில்லை. வாட்ஸப்பில் தட்டினேன்:

"சத்தத்தையே காணோம். உன்ற கணக்குப்படி கதவு தொறந்து கெடக்குதுன்னு வெச்சுக்கறேன். அழுவாத, பரோட்டா வாங்கிட்டு வாரேன்."

உடனே பதில் வந்தது.

"இப்பத்தாண்டா முடிஞ்சுது, பாஸாயிருச்சு, பரோட்டா வரட்டும்... வரட்டும்..."