இருபது செடி தூரம்

எங்கள் குட்டிப் பீரங்கி ஒரு சாண் உயரம்தான். பித்தளைக் குழல், மரக்கட்டை அடி, வானத்தைப் பார்த்த வாய். ஸ்பிரிங்வெளித் தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டராக இருக்கும் மச்சான் கடைந்து கொடுத்தான். அம்மன் திருவிழாவில் தேர் எங்கள் லயத்து வீட்டு வரிசையின் முனையில் திரும்பும்போது, அதன்மேல் பூப்பொட்டலம் அவிழ்ந்து கொட்ட வேண்டும். கோயில் தலைவரிடம் வாய் விட்டது நான்.

"தேர் மேலதான விழும்?"

"ஒரு செடி தப்பாதுங்க."

செடிதான் எங்கள் அளவுகோல். லயத்துக்கு மேலே, பழைய தேயிலை மலையில் வேட்டுப் போட்டு, பொட்டலம் எத்தனையாவது செடியில் விழுகிறது என்று நோட்டில் எழுதினேன். தைலப் போத்தல் மூடியால் ஒரு மூடி வெடிமருந்துக்கு ஆறு செடி. இரண்டு மூடிக்குப் பன்னிரண்டு வரும் என்று நினைத்தால் பதினைந்து! இரண்டரைக்கு இருபது. ஏன் இப்படி? சோற்றில் கையை வைத்துக்கொண்டு அதையே யோசித்தேன். மூடுபனி இறங்கினால் தூரம் குறைந்தது. அது ஏனென்று தனியாக ஒரு பக்கம் எழுதினேன்.

திரியைப் பற்றவைத்ததும் நான் தண்ணீர் ஓடும் கான் வாய்க்காலுக்குள் குதித்துவிடுவேன். மச்சான் நின்று பார்ப்பான்.

"பொட்டலத்துக்கு முன்னாடி நீ பறக்குற மச்சான்!" என்பான்.

திருவிழாவன்று புது மலை ஓரத்தில் பீரங்கியை வைத்தோம். தேர் திரும்பும் இடம் வரை எண்ணினேன்: சரியாக இருபது செடி. இரண்டரை மூடி போட்டேன். பற்றவைத்தேன். குதித்தேன்.

'டம்!' பிறகு கூட்டம் சிரித்தது. பூ விழுந்தால் யாராவது சிரிப்பார்களா? அம்மன் மூக்கு போய்விட்டது என்றே முடிவுகட்டி, தப்பி ஓடப் பதுளை பஸ் எத்தனை மணிக்கு என்று கானுக்குள் கிடந்தபடி யோசித்தேன். எட்டிப் பார்த்தால், பொட்டலம் தேரைத் தாண்டி மோர்ப் பானைக்குள் கிடந்தது.

"தேர் இன்னொரு சுத்து வரும்" என்றார் தலைவர். "அதுக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா இனிமே கோயில் வேலைன்னு இந்தப் பக்கம் வராத."

கொழுந்து பறிக்கும் என் மனைவி நோட்டைப் பிடுங்கினாள்.

"எந்த மலையில எண்ணினீங்க?"

"பழைய மலையில."

"அங்க செடிக்குச் செடி ரெண்டு எட்டு வைக்கணும். இங்க நெருக்கி நட்டிருக்காங்க, ஒன்னரை எட்டுதான். நாள் முழுக்கக் கூடையோட நடக்குறவகிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?"

விரல்விட்டு எண்ணினாள். இங்கே இருபது செடி என்றால் முப்பது எட்டு. பழைய மலையில் அது பதினைந்து செடி. இரண்டு மூடி.

தேர் திரும்பியது. இந்த முறை நின்று பார்த்தே தீருவேன் என்று பற்றவைத்தேன். கால்கள் என்னைக் கேட்கவில்லை. கானுக்குள் கிடந்தேன்.

தலையைத் தூக்கியபோது அம்மன் குடையெல்லாம் செவ்வந்தி. தலைவரின் வழுக்கையிலும் இரண்டு இதழ்.

"எப்படி விழுந்துச்சு?" என்றேன் மனைவியிடம்.

"நான் எங்க பாத்தேன்? உங்களத்தான் வீடியோ எடுத்தேன்."

வீடியோவில் கானும் என் முதுகும் மட்டுமே. ஆனாலும் அதைப் போட்டுப் போட்டுக் கேட்கிறேன். 'டம்'முக்கும் கூட்டத்தின் 'ஓ'வுக்கும் நடுவில் மூன்று எண்ணலாம். மச்சான் இரண்டரைதான் என்கிறான்.