ஞானமேரி டீச்சருக்குக் கட்டிய பேனர்

இது நடந்தது. இடம் புதுச்சேரி, சாரம். நேரம் பகல் 3.40. பேய் ராத்திரி பன்னிரண்டுக்குத்தான் கிளம்பும் என்று யார் சொன்னார்களோ தெரியாது; எனக்குத் தெரிந்த பேய்களில் பாதி மதியச் சாப்பாடு முடிந்த கையோடு வந்தவை. இதைச் சொன்ன கனீஸ் பாத்திமா லாஸ்பேட்டையில் ஒரு அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. கூட்டிச் சொல்லத் தெரியாதவள். கூட்டிச் சொல்வது என் வழக்கம்தான். ஆனால் இதில் நான் கை வைக்கவில்லை.

போன ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை ஞானமேரி டீச்சர் இறந்துபோனார். கணக்கு டீச்சர், தனிக்கட்டை. பத்தாவதோடு நிறுத்தி வீட்டில் உட்கார வைத்திருந்த கனீஸுக்காக, அவள் அத்தாவிடம் வாசலில் நின்று இரண்டு மணி நேரம் சண்டை போட்டு, அவளைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனவர். இன்றைக்கு அவள் சாப்பிடும் சோறு அந்தச் சண்டையில் வந்தது.

டீச்சர் ஐந்து மாதம் படுக்கையில் கிடந்தார். பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் தினமும் கும்பிடு போட்டார்கள். ஒருத்தரும் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. கனீஸ் மட்டும் ஞாயிறு தவறாமல் போனாள். கடைசி ஞாயிறு தவிர. அன்றைக்குச் சின்னம்மா மகளின் நிச்சயதார்த்தம். டீச்சரைப் பார்த்துக்கொண்ட, அவருடைய தங்கை மகள் பெனிஷாவுக்குப் போன் போட்டு, காய்ச்சல், வர முடியவில்லை என்று சொல்லிவிட்டாள். மறுநாள் டீச்சர் இல்லை.

செவ்வாய் அடக்கம் முடிந்தது. புதன் மதியம் டீச்சர் தெரு முனையில் பேனர் நின்றது. சவுக்குக் கட்டையில் கட்டிய பெரிய கண்ணீர் அஞ்சலி பேனர். டீச்சர் ஒரு மூலையில், தீப்பெட்டி அளவில். நடுவில் கூலிங் கிளாஸோடு கிளாட்வின், கனீஸோடு படித்தவன். கீழே வரிசையாக மற்றவர்கள். எல்லோருக்கும் சேர்த்து, 'டீச்சரின் செல்லப் பிள்ளைகள்' என்று எழுதியிருந்தது. வரிசையின் கடைசியில் கனீஸின் முகமும் இருந்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கேயே நின்று கிளாட்வினுக்குப் போன் போட்டாள்.

"ஏன்டா, அஞ்சு மாசம் எங்கடா இருந்தே? இப்ப மாப்பிள்ளை மாதிரி நிக்கிறே?"

"பேனர்னா அப்படித்தான் கனீசு. டீச்சரை எல்லாருக்கும் தெரியும். எங்களைத்தானே தெரிய வைக்கணும்."

"கழட்டறியா இல்லியா?"

ஞாயிறு வரைக்கும் இருக்கட்டும் என்றான். போனை வைத்துவிட்டு, கனீஸ் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து பேப்பர் வெட்டும் கத்தியை எடுத்தாள். கயிற்றை அறுத்தால் மொத்தமும் சாக்கடையில் விழும். விழட்டும்.

மணி 3.40. தெருவில் ஆள் இல்லை. டீக்கடை வடிவேல் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார். இலை அசையவில்லை. ஆனால் பேனர் மட்டும் படபடத்தது...

முதல் கயிற்றில் கத்தியை வைத்தாள்.

கிரீச்...

கரும்பலகையில் சாக்பீஸ் இழுபடும் சத்தம். தலைக்கு மேலே.

நிமிர்ந்தாள். கூலிங் கிளாஸ் இல்லை. முகமும் இல்லை. எண்ணெய் வைத்து வாரிய பின்னந்தலை, சட்டைக் காலர். கிளாட்வின் திரும்பி நின்றான்.

வெயில் என்று நினைத்தாள். கண்ணைத் துடைத்தாள்.

3.42. கிரீச்... அடுத்தவன் திரும்பினான்.

அவளுக்குப் புரிந்தது. டீச்சர் யாரையும் அடித்ததில்லை. பொய் சொன்னவனைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்வார். மணி அடிக்கும் வரை அந்த முகத்தில் விழிக்க மாட்டார்.

"நல்லா வேணும்" என்றாள் கனீஸ்.

கிரீச்... கிரீச்... வரிசை வரிசையாக முதுகுகள். ஜடைகள். வழுக்கைகள்.

3.46. வரிசையில் ஒரே முகம் பாக்கி.

அவளுடையது.

காத்திருந்தாள். சத்தம் வரவில்லை.

"எனக்குக் காய்ச்சல் இல்ல டீச்சர். விருந்துக்குப் போயிருந்தேன்."

ஒன்றுமில்லை.

"திருப்புங்க. அவங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா? திருப்பித் தொலைங்களேன்..."

திரும்பவில்லை. அந்த முகம் சிரித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் உற்றுப் பார்த்தாள்.

பச்சைச் சேலை.

நிச்சயதார்த்தத்துக்கு அன்றுதான் முதல்முதலாக உடுத்தியது. அதில் அவள் படமே எடுத்துக்கொள்ளவில்லை.

கத்தி கீழே விழுந்தது. வடிவேல் எழுந்துவிட்டார்.

"யம்மா, யாருகிட்ட சண்டை?"

3.51. மறுபடி பார்த்தாள். கிளாட்வின் கூலிங் கிளாஸோடு நேராக நின்றான். எல்லோரும் நேராக நின்றார்கள். வரிசைக் கடைசியில் மட்டும் வெறும் வெள்ளை.

சாயங்காலம் கிளாட்வினே போன் செய்தான். என் படத்தை ஏன் வைத்தாய் என்று கேட்டாள். "உன் படத்தை நான் வைக்கவே இல்லியே கனீசு. கேக்காம வெச்சா நீ சண்டைக்கு வருவேன்னு தெரியாதா?"

வெள்ளிக்கிழமை அவள் பெனிஷாவைத் தேடிப் போனாள். பொய்யை ஒப்புக்கொண்டு திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனாள். காய்ச்சல் என்று சொன்னது பொய் என்றாள். சேலையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பெனிஷா திட்டவில்லை. அந்த ஞாயிறு மதியம் 1.20-க்குப் போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொல்லத் திரும்பினாளாம். பேச்சு நின்று ஒன்பது நாளாகியிருந்த டீச்சர், அவள் வாயைத் திறக்குமுன், கண்ணை மூடியபடியே, வகுப்பில் பேசுகிற குரலில் பேசினாராம்.

"காய்ச்சலாம், காய்ச்சல். பச்சை சேலை கட்டிக்கிட்டு பந்தியில உக்காந்திருக்கா. கூப்பிடாதே... சாப்பிடட்டும்."